நெற்றியில் நிற்கும் கொடி

பின்வரும் பனுவலை வாசித்திடுக.

டிசம்பர் மாதத்து மாலை நேரம். ஜார்ஜ்டவுன் சாலையின் இருமருங்கிலும் மக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றனர். சிறுவர்கள் தந்தையரின் தோள்மீது ஏறி அமர்ந்திருக்கின்றனர். தொலைவில் முரசும் சேகண்டியும் கைத்தாளமும் முழங்கத் தொடங்குகின்றன. முதலில் கண்ணுக்குத் தெரிபவர்கள் ஆட்டக்காரர்கள் அல்லர். மூன்று மாடி உயரத்திற்கு எழுந்து காற்றில் படபடக்கும் கொடிகளே முதலில் தெரிகின்றன.

கொடிகள் நெருங்கி வந்த பிறகுதான் அவற்றின் அடியில் இருப்பவர்களைக் காண முடிகிறது. ஓர் இளைஞர் நீண்ட மூங்கில் கம்பத்தைத் தம் நெற்றியில் நிறுத்தியிருக்கிறார். அவருடைய கைகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்திருக்கின்றன. கம்பத்தை எந்தக் கையும் பிடித்திருக்கவில்லை. திடீரென்று கடற்காற்று வீசுகிறது. கொடி ஒரு பக்கமாகச் சாய்கிறது. கூட்டத்தினர் மூச்சை அடக்கிக்கொள்கின்றனர். இளைஞர் கொடி சாயும் பக்கமாகவே இரண்டடி நகர்கிறார். கம்பம் மெல்ல நிமிர்கிறது. கைத்தட்டல் ஒலி முரசொலியையும் மிஞ்சுகிறது.

பினாங்கு மக்கள் பெருமையுடன் போற்றும் இக்கொடியாட்டக் கலையின் பெயர் ‘சிங்கே’.

சிங்கேயின் பின்னணி

‘சிங்கே’ என்பது சீனர்களின் ஹொக்கியன் வழக்கிலிருந்து வந்த சொல்லாகும். தென்சீனாவிலிருந்து மலாயாவுக்கு வந்து குடியேறியவர்கள் தங்கள் ஊர்த் திருவிழா வழக்கங்களையும் உடன் கொண்டு வந்தனர். தெய்வங்களின் பிறந்தநாளில் கோயிலிலிருந்து ஊர்வலம் புறப்படும். பல்லக்குகள், ஒப்பனையிட்ட சிறுவர்கள் அமர்ந்த அலங்கார மேடைகள், இசைக்குழுக்கள், கொடிகள் எனப் பலவும் அதில் இடம்பெறும். தொடக்கக் காலத்தில் ‘சிங்கே’ என்னும் சொல் இத்தகைய ஊர்வலக் காட்சிகளையே குறித்தது.

பினாங்குச் சிங்கேயின் தொடக்கமாக 1919-ஆம் ஆண்டைக் குறிப்பிடுவது வழக்கம். அதன்பின், கொடிகளைச் சமநிலையில் நிறுத்தி ஆடும் ஆட்டமே இங்குச் சிங்கேயின் உயிர்நாடியாக வளர்ந்தது. இன்று பினாங்கில் ‘சிங்கே’ என்றதும் மக்கள் மனக்கண்ணில் தோன்றுவது உயர்ந்த கொடிதான்.

ஒரே பெயர் வேறு ஊர்களில் வேறு பொருளில் வழங்குவதும் உண்டு. ஜொகூர் பாருவில் சிங்கே என்பது பழைய சீனக் கோயிலின் தெய்வங்கள் பல்லக்கில் ஊர்வலம் வரும் பெருவிழாவாகும். சிங்கப்பூரில் 1973-ஆம் ஆண்டு சீனப் புத்தாண்டையொட்டி தொடங்கப்பட்ட சிங்கே, இன்று பல இனத்தவரும் பங்கேற்கும் பெரிய அணிவகுப்பாக விளங்குகிறது. கொடியைத் தலைக்கு மேல் நிறுத்தும் ஆட்டத்தை முதன்மையாகக் கொண்டதே பினாங்குச் சிங்கேயின் தனிச்சிறப்பாகும்.

கம்பமும் கொடியும்

சிங்கேக் கொடிக்கம்பத்தின் நீளம் ஏறக்குறைய 25 அடி முதல் 32 அடி வரை இருக்கும். அதாவது எட்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தொடங்கிப் பத்து மீட்டர்வரை நீளும். பெரிய கொடியும் கம்பமும் சேர்ந்து சுமார் 27 கிலோகிராம் எடை இருக்கும். அது பத்துக் கிலோ அரிசி மூட்டைகள் மூன்றினைவிடச் சற்றுக் குறைந்த பளுவாகும். அவ்வளவு பளுவையும் ஒருவர் தம் நெற்றியிலோ தோளிலோ முழங்கையிலோ ஏந்த வேண்டும். அனுபவம் மிக்க ஆட்டக்காரர்கள் சிலர் கம்பத்தின் அடியைப் பற்களால் கவ்வி நிறுத்துவதும் உண்டு.

கம்பம் மூங்கிலால் ஆனது. மூங்கில் உள்ளே குழலாக இருப்பதால் அதன் நீளத்திற்கேற்ற பளு இல்லை. காற்று வேகமாக மோதினால் அது வளைந்து கொடுக்கும், எளிதில் முறியாது. அடிப்பகுதி பருத்தும் நுனிப்பகுதி சிறுத்தும் இருப்பது மூங்கிலின் இயல்பு. எனவே, பருத்த அடிப்பகுதி ஆட்டக்காரரின் உடலில் அமரும். சிறுத்த நுனி வானத்தை நோக்கி இருக்கும். கோணலும் வெடிப்பும் இல்லாத மூங்கிலாகத் தேர்ந்தெடுப்பது மிகவும் இன்றியமையாதது. சிறிய வெடிப்புகூட ஆட்டத்தின் நடுவே ஆபத்தை விளைவிக்கக்கூடும்.

கம்பத்தில் கட்டப்படும் கொடி வெறும் அலங்காரத் துணியன்று. பளிச்சிடும் வண்ணத் துணியில் எழுத்துகளும் உருவங்களும் தீட்டப்பட்டிருக்கும். எந்தக் குழு வருகிறது என்பதைத் தொலைவிலிருந்தே கொடி அறிவித்துவிடும். அதனால், கொடி தரையில் விழுவதைக் குழுவினர் தங்கள் மதிப்பே விழுவதாகக் கருதுவர்.

கொடி ஏன் விழுவதில்லை?

இவ்வளவு நீண்ட கம்பத்தை நிறுத்துவதைவிடச் சிறிய குச்சியை நிறுத்துவது எளிது என்றே பலரும் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. ஓர் எழுதுகோலை விரல்நுனியில் செங்குத்தாக நிறுத்த முயன்றால், அது கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். ஒரு துடைப்பக் கட்டையை உள்ளங்கையில் நிறுத்தினால், சற்று நேரம் தாக்குப்பிடிக்கும். நீளமான பொருள் மெதுவாகச் சாய்வதே இதற்குக் காரணமாகும். இயற்பியல் கணக்கின்படி, 18 சென்டிமீட்டர் எழுதுகோலைவிட 9 மீட்டர் கம்பம் சாய்வதற்கு ஏறக்குறைய ஏழு மடங்கு கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். அந்தக் கூடுதல் நேரந்தான் ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

எந்தப் பொருளுக்கும் ஓர் ஈர்ப்பு மையம் உண்டு. அந்த மையம், பொருளைத் தாங்கும் இடத்திற்கு நேர்மேலே இருக்கும்வரை பொருள் நிற்கும்; விலகினால் சாயத் தொடங்கும். கம்பம் இடப்பக்கம் சாய்ந்தால், அதன் அடியையும் இடப்பக்கமே கொண்டு செல்ல வேண்டும். அப்போதுதான் தாங்கும் இடம் மீண்டும் ஈர்ப்பு மையத்தின் அடியில் வந்து சேரும். சிங்கே ஆட்டக்காரர் நடுச்சாலையில் அங்குமிங்கும் ஓடுவது வேடிக்கைக்காக அன்று. ஒவ்வோர் அடியும் சாயும் கொடியைக் காப்பாற்ற எடுத்து வைக்கும் அடியாகும்.

ஆயினும், கணக்கு அறிந்தால் மட்டும் போதாது. கொடியின் துணி பாய்மரத்தைப் போன்று காற்றை ஏந்திக்கொள்ளும். கடலோர நகரமான ஜார்ஜ்டவுனில் காற்று எப்பொழுது எத்திசையில் வீசும் என்று உறுதியாகக் கூற இயலாது. கட்டட வரிசை முடிந்து சாலைச் சந்திப்பு வரும் இடத்தில் காற்று திடீரென்று பக்கவாட்டில் தாக்கும். அதை உணர்ந்து உடல் தானாக அசைய வேண்டும். சிந்தித்து முடிவெடுப்பதற்குள் கொடி விழுந்துவிடும்.

படிப்படியான பயிற்சி

சிங்கேக் குழுவில் புதிதாகச் சேரும் ஒருவருக்கு முதல் நாளிலேயே பெரிய கொடியைக் கொடுத்துவிட மாட்டார்கள். கொடி கட்டாத, குட்டையான கம்பத்திலிருந்தே பயிற்சி தொடங்கும். உள்ளங்கையில் கம்பத்தை நிறுத்திப் பழகுவது முதற்படி. கை பழகிய பின்னர் தோள், முழங்கை எனக் கம்பம் இடம் மாறும். கழுத்தும் முதுகும் கால்களும் போதிய வலிமை பெற்ற பிறகே கம்பம் நெற்றிக்கு ஏறும். கம்பத்தின் நீளமும் அவ்வாறே சிறிது சிறிதாகக் கூடும். துணி கட்டிய பெரிய கொடியை ஏந்துவது இறுதிப்படியாகும்.

புதியவர்கள் பெரும்பாலும் இரண்டு தவறுகளைச் செய்வர். முதலாவது, கம்பத்தின் அடியைப் பார்ப்பது. அடியைப் பார்ப்பவருக்குக் கம்பம் சாய்வது தாமதமாகவே தெரியும். நுனியைப் பார்ப்பவருக்கோ சிறு அசைவும் உடனே தெரிந்துவிடும். எனவேதான், “மேலே பார், மேலே பார்!” என்னும் குரல் பயிற்சித் திடலில் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது தவறு, அச்சத்தால் விளைவது. கனமான ஒன்று தம்மை நோக்கிச் சாயும்போது விலகி ஓடுவதே மனித இயல்பு. சிங்கே அந்த இயல்பை மாற்றக் கற்பிக்கிறது. கொடி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஆட்டக்காரர் செல்ல வேண்டும். விலகி ஓடினால் கொடி விழுவது உறுதி. சாய்வை நோக்கிச் சென்றால் கொடி நிமிர வாய்ப்புண்டு. இதனைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். ஆனால், உடல் அதனைக் கற்றுக்கொள்ளப் பல மாதங்கள் ஆகும். ‘அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்பதற்கிணங்க, விழுந்த கம்பத்தை மீண்டும் மீண்டும் எடுத்து நிறுத்துபவரே இக்கலையில் தேர்ச்சி பெறுகிறார்.

வெறும் உடல் வலிமையால் மட்டும் கொடி நிற்பதில்லை. உடற்கட்டு மிக்க ஒருவர் கம்பத்தை இறுகப் பற்றி நிறுத்த முயன்று தோற்கலாம். மெலிந்த உடல்வாகு கொண்ட ஒருவர் கூர்ந்த பார்வையாலும் விரைந்த கால்களாலும் அதை எளிதாக நிறுத்தலாம். முன்பு ஆண்களுக்கே உரியதாகக் கருதப்பட்ட இக்கலையில் இன்று பெண்களும் கொடியேந்தி ஆடுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

கொடி கைமாறும் தருணம்

பார்வையாளர்களின் கண்கள் கொடியை ஏந்தி ஆடுபவர்மீதே இருக்கும். ஆனால், அவரைச் சுற்றி நிற்பவர்களும் ஆட்டக்காரர்களே. அவர்களுடைய கண்கள் ஒரு நொடிகூடக் கொடியின் நுனியைவிட்டு அகலா. கொடி கட்டுக்கடங்காமல் சாய்ந்தால், பாய்ந்து சென்று கம்பத்தைப் பிடிப்பது அவர்களின் கடமையாகும். சாலையின் குறுக்கே மின்கம்பிகள் செல்லும் இடங்களில் கொடியைத் தாழ்த்தி, பாதுகாப்பாகக் கடக்க உதவுபவர்களும் அவர்களே. சாலையோரத்தில் நிற்கும் குழந்தைகளின் பாதுகாப்பு அவர்களின் விழிப்பைப் பொறுத்தே இருக்கிறது.

சிங்கேயின் உச்சக் கட்டம் கொடி ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாறும் தருணமாகும். ஒருவர் கம்பத்தைத் தம் தோளிலிருந்து மேலே உந்தி எறிவார். எதிரே நிற்பவர் அதைத் தம் தோளிலோ நெற்றியிலோ ஏற்றுக்கொள்வார். சிலர் காலால் கம்பத்தை உந்தி, தலைக்கு மேல் ஏற்றுவதும் உண்டு. கம்பம் காற்றில் இருக்கும் அந்த ஒரு நொடியில் அது யாருக்கும் சொந்தமில்லை. கொடுப்பவர் சற்று அவசரப்பட்டாலும் பெறுபவர் சற்றுத் தயங்கினாலும் கொடி விழுந்துவிடும். முரசின் தாளம் இருவரையும் ஒன்றிணைக்கிறது. எந்த அடியில் கொடுப்பது, எந்த அடியில் பெறுவது என்பதை அத்தாளமே உணர்த்துகிறது. ஒருவர் மற்றொருவர்மீது வைக்கும் நம்பிக்கையே கொடியைக் காக்கிறது.

கொடியைக் கொண்டு ஆடும் கலைகள் உலகின் பிற பகுதிகளிலும் உண்டு. இத்தாலியின் சியெனா நகரில் ஆண்டுதோறும் ஜூலை 2-ஆம் நாளிலும் ஆகஸ்டு 16-ஆம் நாளிலும் ‘பாலியோ’ என்னும் குதிரைப் பந்தயம் நடைபெறும். பந்தயத்திற்கு முன்பு, நகரின் வட்டாரங்களைச் சேர்ந்த இளைஞர்கள் தத்தம் வட்டாரக் கொடிகளைச் சுழற்றி, உயரே வீசிப் பிடிப்பர். அங்கு வீசப்படுபவை கையடக்கமான கொடிகள். இங்கு ஏந்தப்படுவதோ மனிதரைப் போல் ஐந்து மடங்கு உயரமான கொடி. எனினும், தம் ஊரின் பெருமையைக் கீழே விழாமல் காப்பது இரு கலைகளுக்கும் பொதுவான நோக்கமாகும்.

பல இனத்தவரின் கலை

ஜார்ஜ்டவுனின் பழைய நகரப் பகுதியில், ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கிளிங் சாலையையொட்டிச் சீனர்களின் கருணைத் தெய்வக் கோயிலும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அமைந்துள்ளன. சற்று அருகில், லெபோ குவீன் சாலையில் 1833-ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட அருள்மிகு மகாமாரியம்மன் கோயில் உள்ளது. இவ்வாறு அடுத்தடுத்து வாழ்ந்த மக்களின் பன்மைப் பண்பாட்டை மதித்தே, யுனெஸ்கோ நிறுவனம் 2008-ஆம் ஆண்டு ஜார்ஜ்டவுனையும் மலாக்காவையும் உலக மரபுடைமைத் தளங்களாக அறிவித்தது.

இத்தகைய நகரில் ஓர் இனத்தாரின் விழா மற்ற இனத்தாரின் கண்களுக்கும் விருந்தாவது இயல்பு. பினாங்குத் தைப்பூசத்தின்போது வெள்ளி ரதம் வரும் வழியெங்கும் சீனர்களும் தேங்காய்களைக் குவித்து உடைப்பர். அதேபோன்று, சிங்கேக் குழுக்களில் சீனர்களோடு மலாய்க்காரர்களும் இந்தியர்களும் இணைந்து கொடியேந்துகின்றனர். சாலையோரத்தில் நின்று வியந்து பார்த்தவர்கள் சாலையின் நடுவே வந்து ஆடத் தொடங்கியதே இக்கலையின் பெரும் வளர்ச்சியாகும்.

தமிழ் மாணவர் ஒருவருக்குச் சிங்கே முற்றிலும் அந்நியமானதன்று. தலையில் கரகத்தை நிறுத்திக் கையால் தொடாமல் ஆடும் கரகாட்டமும் தோளில் காவடியைச் சுழற்றி ஆடும் காவடியாட்டமும் தமிழர்களின் கலைகளே. கரகம் ஆடுபவரும் சிங்கே ஆடுபவரும் அறிந்த உண்மை ஒன்றுதான்: மேலே இருப்பது அசையாமல் நிற்க வேண்டுமானால், கீழே கால்கள் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். மொழி வேறாக இருப்பினும் உடல் கற்கும் பாடம் ஒன்றாகவே உள்ளது.

யார் பெற்றுக்கொள்வார்?

கட்டடத்தைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கலாம்; ஓவியத்தைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காக்கலாம். சிங்கேயை அவ்வாறு காக்க இயலாது. அது ஆடுபவர்களின் உடலில் மட்டுமே வாழ்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் ஊர்வலங்களுக்கும் கூட்டங்களுக்கும் தடை விதிக்கப்பட்டபோது, நாடெங்கும் இத்தகைய தெருக்கலைகள் ஓய்ந்திருந்தன. பயிற்சி நின்றுபோனால் கழுத்து வலிமை இழக்கும். கால்கள் தாளத்தை மறக்கும். மூத்தவர்கள் ஓய்வு பெறும்முன் இளையோர் கற்றுக்கொள்ளாவிட்டால், மூங்கிலும் துணியும் இருந்தும் கலை இல்லாமற்போகும்.

இளையோர் வருவதற்குத் தடைகளும் உள்ளன. பயிற்சி கடினமானது, பலன் உடனே கிடைப்பதில்லை. பிள்ளைகளுக்குக் காயம் ஏற்படுமோ என்று பெற்றோர் அஞ்சுவதிலும் நியாயமுண்டு. அவ்வச்சத்தைப் போக்கும் பொறுப்பு குழுக்களைச் சாரும். தகுந்த பயிற்றுநர், வயதுக்கேற்ற கம்பம், சுற்றி நின்று காக்கும் தோழர்கள் ஆகிய மூன்றும் அமைந்தால் ஆபத்தைப் பெரிதும் குறைக்கலாம். பள்ளிகளிலும் சிங்கேக் குழுக்கள் அமைவதால், மாணவர்கள் இளமையிலேயே முறையாகப் பயில வழி பிறக்கிறது.

ஊர்வலத்தின் இறுதியில் முரசொலி மெல்ல அடங்குகிறது. வியர்வையில் நனைந்த ஆட்டக்காரர்கள் கொடிகளைத் தாழ்த்துகின்றனர். சாலையோரத்தில் நின்றிருந்த சிறுமி ஒருத்தி, கையிலிருந்த குடையைத் தன் உள்ளங்கையில் நிறுத்திப் பார்க்கிறாள். குடை விழுகிறது. அவள் அதை எடுத்து மீண்டும் நிறுத்துகிறாள். இம்முறை அவளுடைய கண்கள் குடையின் நுனியைப் பார்க்கின்றன.

அருஞ்சொற்பொருள்

இருமருங்கிலும் – இரண்டு பக்கங்களிலும்
சேகண்டி – கோலால் தட்டி ஒலியெழுப்பும் வட்டமான உலோக இசைக்கருவி
உயிர்நாடி – மிக முக்கியமான பகுதி
இன்றியமையாதது – தவிர்க்க முடியாதது
ஈர்ப்பு மையம் – ஒரு பொருளின் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளப்படும் புள்ளி
மரபுடைமை – முன்னோரிடமிருந்து வழிவழியாகப் பெற்ற செல்வம்

கருத்துணர் கேள்விகள்

1. பினாங்குச் சிங்கே, ஜொகூர் பாரு, சிங்கப்பூர் ஆகிய இடங்களின் சிங்கேயிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
2. கொடிக்கம்பம் செய்ய மூங்கில் ஏற்றதாக இருப்பதற்கான காரணங்கள் இரண்டினை எழுதுக.
3. புதியவர்கள் செய்யும் இரண்டு தவறுகள் யாவை? அவற்றை எவ்வாறு திருத்திக்கொள்ளலாம்?
4. ‘கம்பம் காற்றில் இருக்கும் அந்த ஒரு நொடியில் அது யாருக்கும் சொந்தமில்லை’ என்னும் வரி உணர்த்தும் கருத்தை விளக்குக.
5. பனுவலின் இறுதியில் வரும் சிறுமியின் செயல், ‘யார் பெற்றுக்கொள்வார்?’ என்னும் துணைத்தலைப்புடன் எவ்வாறு தொடர்புபடுகிறது? உமது கருத்தை எழுதுக.

செயல்பாடு

கரகாட்டம், காவடியாட்டம், சிலம்பம் ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்க. அதனைச் சிங்கேயுடன் ஒப்பிட்டு, ஒற்றுமைகளையும் வேற்றுமைகளையும் குழுவில் கலந்துரையாடி, வகுப்பில் படைத்திடுக.